ஒரு நோய்க்கு நடுக்கம். ஒரு நோய்க்கு உறக்கம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இதை எழுதுகிறவன் வைத்தியன் அல்லன், கல்லாவில் உட்காருகிறவன். ஆனாலும் வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு சரக்கு ஒரே எடையாயிருந்து, ஒன்றுக்கு நூறு வெள்ளியும் மற்றதற்கு ஒரு காசும் விலை சொன்னால், "இது ஏன்?" என்று கேட்காமல் அவனால் இருக்க முடியாது. அப்படி ஒரு கேள்வி சில வருஷங்களாக என் மனத்தில் கிடக்கிறது. அதையே இம்மாதம் நம் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் தேதி மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரும் கதவை அடைத்தது. கடைகள் பூட்டப்பட்டன. பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் தொழுகையை வீட்டுக்குள் மனைவி மக்களோடு தொழுதோம். நம் வயதில் யாரும் அதற்குமுன் கண்டிராத காரியம் அது. கோவிட் என்ற ஒரு நோய்க்காக உலகம் இவ்வளவும் செய்தது.

இன்னொரு நோயைப் பாருங்கள். காசநோய் என்கிறோம், முன்னாளில் க்ஷயம் என்றார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் கண்டது. 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். நாளொன்றுக்கு மூவாயிரம் பேருக்கு மேல்! இந்த மலேசியாவிலேயே ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் புதிதாகக் காணுகிறது. 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இதற்காக எந்தக் கடை அடைக்கப்பட்டது? எந்தப் பத்திரிகை தினந்தோறும் கணக்குப் போட்டது? ஒன்றுமில்லை.

இரண்டும் மூச்சுக்காற்றில் தொற்றும் நோய். இரண்டும் கொல்லும் நோய். ஒன்றுக்கு நடுக்கம், ஒன்றுக்கு உறக்கம். ஏன்?

எண்ணிக்கை மட்டும் காரணமல்ல

இறந்தோர் தொகை பெருகினால் பயமும் பெருகும் என்றுதான் நாம் நினைப்போம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1896ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பிளேக் நோய் புகுந்தது. உடனே ஐரோப்பியத் துறைமுகங்கள் பம்பாய்ச் சரக்கை இறக்க மாட்டோம் என்று மிரட்டலாயின. பருத்தியும் தானியமும் கப்பலேறாவிட்டால் வியாபாரம் என்ன ஆகும்? பிரிட்டிஷ் சர்க்கார் பதறிப்போய் 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றைப் போட்டது. சிப்பாய்கள் வீடு வீடாய் நுழைந்தார்கள். நோயாளிகளை இழுத்துக் கொண்டு போனார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்தினார்கள். பெண்கள் இருக்குமிடம் என்றும் பார்க்கவில்லை. அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹாஜிகள் கப்பலேறுவதும் தடுக்கப்பட்டது. ஜனங்கள் கொதித்தார்கள். பூனா நகரில் பிளேக் அதிகாரியாயிருந்த ராண்ட் என்பவர் 1897 ஜூன் 22ஆம் தேதி இரவு சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். அந்தப் பிளேக், அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போயிற்று.

அதே இந்தியாவில் 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் வந்தது. இன்ஃபுளுயன்ஸா என்பது அதன் பெயர். அதுவும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. முப்பது ஆண்டுகளில் அல்ல, சில மாதங்களில்! மலாயாத் தோட்டங்களிலும் நம் தமிழ்த் தொழிலாளர் ஏராளமாக இறந்தார்கள். ஆயினும் சிப்பாய் வரவில்லை. வீட்டுச் சோதனை இல்லை. துறைமுகத் தடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இன்று நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் "பிளேக்" என்ற சொல் தெரியும். 1918ஆம் ஆண்டுக் காய்ச்சல் அநேகருக்குத் தெரியாது.

ஆகவே எண்ணிக்கையை வைத்து இக்கணக்கைத் தீர்க்க முடியாது. பிளேக் வியாபாரத்தின் வழியை அடைத்தது. காய்ச்சலோ ஒரே சமயத்தில் எல்லா நாட்டிலும் இருந்தபடியால் யாரை யார் தடுப்பது? மேலும் அப்போது முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. சர்க்காரின் கண் போர்முனையில் இருந்தது. அன்றியும் "காய்ச்சல்" என்ற பெயர் பழகிய பெயர். பழகிய பெயரோடு வருகிற எமனை மனிதன் எளிதில் இனம் காண்பதில்லை.

நோய் எந்த வழியாய் வருகிறது?

வாந்திபேதி வங்காளத்தில் நெடுங்காலம் ஏழைகளைக் கொன்று கொண்டுதான் இருந்தது. அது யாருக்கும் உலகச் செய்தியாகவில்லை. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் அது பரவி, சுமார் 15,000 ஹாஜிகள் இறந்ததாக அந்நாளில் மதிப்பிட்டார்கள். திரும்பிய ஹாஜிகளோடு நீராவிக் கப்பலில் ஏறி அது சூயஸுக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் போயிற்று. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போயிற்று. உடனே மறு ஆண்டு, 1866இல், கான்ஸ்டான்டிநோபிள் நகரில் வல்லரசுகள் மகாநாடு கூட்டின. செங்கடலில் உள்ள கமரான் தீவில் 1882 முதல் ஹாஜிகளை இறக்கி நாட்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கிழக்கிலிருந்து சென்ற ஹாஜிகள் எத்தனையோ பேர் அத்தீவின் வெயிலை அனுபவித்தவர்கள்.

நிறுத்தி வைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அதனால் நன்மையும் விளைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வங்காளத்து ஏழையின் வீட்டில் இருந்தவரை அது "அவர்கள் நோய்." ஐரோப்பியன் வாசலுக்கு வந்தபின்தான் அது "உலகத்தின் நோய்" ஆயிற்று.

நம் வாசலிலும் இப்படி உண்டு. 1873ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வாந்திபேதி கண்டபின், 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுப்பு முகாம் திறந்தார்கள். பினாங்குக்காரருக்கு ஜெரஜாக் தீவு. நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா போன்ற கப்பல்களில் வந்த நம் பாட்டனார்மார் இத்தீவுக் கதைகளைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு சங்கதி: தீவில் இறக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் டெக்கில் வந்தவர்கள். மேல் வகுப்பில் வந்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கிருமிக்கு டிக்கெட்டில் வகுப்புத் தெரியுமா? மனிதனுக்குத்தான் தெரியும்.

நியாயமான காரணங்களும் உண்டு

இவ்விடத்தில் நீதியாகப் பேச வேண்டும். தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பது வியாபாரிக்கு அழகல்ல. புது நோய்க்கு அதிகமாய்ப் பயப்படுவதில் நியாயமும் உண்டு.

2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் சிங்கப்பூருக்கு வந்தது. நோயுற்றவர்கள் 238 பேர். இறந்தவர்கள் 33 பேர். "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று சிலர் அன்று கேட்டார்கள். ஆனால் அந்நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, எவர் உடம்பிலும் அதை எதிர்க்கும் பழக்கம் இல்லை. இன்று பத்து, அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்த வாரம் நாற்பது என்று பெருகும் கடன் வட்டி போன்றது அது. அசல் சிறியதாயிருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். அப்படி அடைத்தபடியால்தான் 33 என்ற எண்ணோடு நின்றது. எண் சிறியதாயிருப்பது பயம் வீண் என்பதற்கு அத்தாட்சியல்ல. பயந்து செய்த வேலையின் பலன் அது.

இதற்கு முன் 1998, 1999ஆம் ஆண்டுகளில் இம்மலேசியாவில் நிப்பா நோய் கண்டது. 265 பேருக்கு மூளைக்காய்ச்சல். 105 பேர் இறந்தார்கள். பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களையே அது பெரும்பாலும் பிடித்தது. முதலில் அது கொசுவால் வரும் பழைய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணி, கொசு மருந்தடித்தும் ஊசி போட்டும் நாட்கள் கழிந்தன. புதிய எதிரியைப் பழைய பெயரால் அழைத்தபடியால் வந்த தாமதம் அது. உண்மை தெரிந்தபின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள், நோய் நின்றது.

ஆகவே புதிது என்றும், வேகமாய்ப் பெருகுவது என்றும், மருந்தில்லாதது என்றும் ஒரு நோய்க்கு அஞ்சினால் அது புத்திசாலித்தனம். "யாருக்கு வருகிறது?" என்று பார்த்துவிட்டு அஞ்சுவதா உறங்குவதா என்று தீர்மானித்தால், அது அநியாயம். சமுதாயங்கள் இவ்விரண்டையும் கலந்தே செய்கின்றன. கலந்த அரிசியில் கல்லைப் பொறுக்குவது போல் நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

காசநோய் எப்படி ஏழையின் நோயாயிற்று?

ஒரு காலத்தில் காசநோய்க்கும் உலகம் நடுங்கியதுண்டு. ஐரோப்பாவில் பிரபுக்களும் எழுத்தாளர்களும் அதனால் செத்தார்கள். 1882 மார்ச் 24ஆம் தேதி ராபர்ட் காக் என்ற ஜெர்மன் வைத்தியர் அதன் கிருமியைக் கண்டதாக அறிவித்தபோது உலகமே பேசிற்று. 1921இல் பி.சி.ஜி. ஊசி வந்தது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. நம் பக்கத்திலும் 1947இல் சிங்கப்பூரில் காசநோய் எதிர்ப்புச் சங்கம் தொடங்கிற்று. 1950களில் கோலாலம்பூரில் லேடி டெம்ப்ளர் ஆஸ்பத்திரி காசநோயாளிகளுக்காகவே எழுந்தது.

மருந்து வந்தபின் என்ன நடந்தது? பணக்கார நாடுகளில் நோய் குறைந்தது. குறைந்தவுடன் அக்கறையும் குறைந்தது. நெருக்கமான அறையில் பலர் படுத்து, காற்று வராத இடத்தில் உழைத்து, அரை வயிறு உண்கிற ஜனங்களிடம் மட்டும் அது தங்கிவிட்டது. 1993இல் உலகச் சுகாதார நிறுவனமே இதை உலக அவசரம் என்று பறைசாற்றியும் பலர் காதில் விழவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். கோவிட் கிருமியின் அமைப்பு 2020 ஜனவரியில் வெளியாயிற்று; அவ்வாண்டு டிசம்பரிலேயே தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காசநோய்க்கோ நூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் பி.சி.ஜி.யே இன்றளவும் வழக்கிலுள்ள ஒரே ஊசி. பெரியவர்களை அது சரிவரக் காப்பதில்லை. காசநோய்க் கிருமி மிகவும் சிக்கலானது என்பது மெய்தான். ஆயினும், வாங்குகிறவன் கையில் பணமில்லாத சரக்கை எந்த ஆலையும் அவசரமாய்ச் செய்யாது என்பதும் மெய்தானே? இது வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழி சுமத்தும் பழக்கம்

பயம் வந்தால் மனிதன் மருந்தைத் தேடுமுன் ஆளைத் தேடுகிறான். 2020இல் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் பிப்ரவரிக் கடைசியில் கூடிய கூட்டத்திலிருந்து நோய் பரவிற்று. அது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. கூட்டம் கூடிய இடமெல்லாம் பரவும் நோய் அது. ஆனால் டில்லி நிஜாமுத்தீன் கூட்டத்துக்குப்பின் இந்தியாவில் என்ன பேச்சு எழுந்தது? நோயையே முஸ்லிம்களின் பெயரால் அழைத்தார்கள். காய்கறி விற்ற ஏழை முஸ்லிமிடம் வாங்க மறுத்த இடங்களும் உண்டு.

அவ்வாண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அங்கே அறை வைத்திருந்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! சிங்கப்பூரில் தினசரி நோய்க் கணக்கு எழுதும்போது விடுதித் தொழிலாளர் கணக்கைத் தனியாகவும் ஊரார் கணக்கைத் தனியாகவும் எழுதினார்கள். நோயை ஆராய்வதற்கு அது தேவையாயிருந்திருக்கலாம். ஆனால் கேட்கிறவன் மனத்தில் என்ன பதிந்தது? "ஊராருக்கு நோய் குறைவு; நாம் நிம்மதியாயிருக்கலாம்" என்பது. விடுதியில் இருந்தவன் ஊராரில் சேர்ந்தவன் இல்லையா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி பெருமானார் (ஸல்) அவர்கள், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போக வேண்டாமென்றும், நாமிருக்கும் ஊரில் அது வந்தால் பயந்து வெளியேற வேண்டாமென்றும் கற்பித்தார்கள். போகாமலிருப்பது நம்மைக் காப்பதற்கு. வெளியேறாமலிருப்பது பிறரைக் காப்பதற்கு. நோயாளியைக் கவனிப்பாரின்றி விட்டுவிடாமலிருப்பதற்கும்கூட. இரண்டு கட்டளைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தராசு சமமாகிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்ற இடத்தில் கேள்விப்பட்டுத் திரும்பத் தீர்மானித்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், இது அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதாகாதா என்று கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்று உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அவன் விதிப்படியே என்றும் உவமை காட்டினார்கள். தவக்குல் என்பது கையைக் கட்டிக் கொண்டிருப்பதல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இன்னொன்று. கொள்ளைநோயிலும் வயிற்று நோயிலும் இறக்கும் முஃமினுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டென்று ஹதீஸில் வருகிறது. அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே அபூ உபைதா (ரலி) அவர்களும் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். மேலான ஸஹாபாக்கள் இறந்த விதத்தில் இறப்பது எப்படி இழிவாகும்? நோயை வெட்கமாக நினைப்பது நம் மார்க்கத்தில் இல்லாதது. அது ஊர்ப் பேச்சிலிருந்து நமக்குள் புகுந்த சரக்கு.

நம் கடைக்குள் பார்ப்போம்

இதுவரை ஊரைக் குறை சொன்னேன். இனி என்னைச் சொல்கிறேன்.

கோவிட் காலத்தில் நான் ஒவ்வொரு நோட்டையும் மருந்து தெளித்துத்தான் கல்லாவில் போடுவேன். வாசலில் சூடு பார்க்காமல் எவரையும் விடமாட்டேன். அந்தக் கெடுபிடியெல்லாம் தளர்ந்த மறு ஆண்டு, என் கடையில் வேலை பார்த்த ஊர்த்தம்பி ஒருவர் இருமினார். ஒரு வாரமல்ல, மூன்று மாதம். நான் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். "ஏசிக் காற்று ஒத்துக் கொள்ளவில்லை போலிருக்கிறது, தம்பி" என்றேன். அவர் மெலிந்தார், இரவில் வேர்த்தார். "ஒன்றுமில்லை முதலாளி" என்பார். ஒருநாள் இருமலில் ரத்தம் வந்தபின்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசநோய்.

"ஏன் தம்பி முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவீர்களே, முதலாளி. தங்கச்சி நிக்காஹ் இருக்கிறது" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. அவர் ஊருக்குப் போய் மருந்தை முழுக்க உட்கொண்டு குணமானார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கடைக்கு மேலே அந்தச் சின்ன அறையில் அவரோடு படுத்திருந்த ஐவரில் இன்னொருவருக்கும் நோய் தொற்றியிருந்தது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அந்த ஜன்னலையும் சரக்குப் பெட்டிகளை அடுக்கி மறைத்தவன் நான்.

புது நோட்டுக்குப் பயந்தவன் பழைய இருமலுக்குப் பயப்படவில்லை. அதை "அவர்கள் நோய்" என்று நானும் எண்ணியிருக்கிறேன். வல்லரசுகள் வங்காளத்துக்குச் செய்ததை நான் என் மாடி அறைக்குச் செய்தேன்.

ஆகவே சகோதரர்களே, கடை வைத்திருக்கும் நாம் செய்யக் கூடியவை சில உண்டு. எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், மருந்துக்கடை மருந்தோடு விடாமல் வைத்தியரிடம் அனுப்பிச் சளியைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். காசநோய் தட்டிலோ கோப்பையிலோ கைகொடுப்பதிலோ தொற்றுவதில்லை, காற்றில் தொற்றுகிறது. ஆகவே நோயாளிக்குத் தனித்தட்டு வைத்து அவமானப்படுத்துவதில் பயனில்லை. ஜன்னலைத் திறப்பதில்தான் பயன். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ஆனால் ஆறு மாதம் போல் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாய்த் திரும்பக் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, "சொன்னால் வேலை போய்விடும்" என்ற பயத்தை நம் பையன்கள் மனத்திலிருந்து எடுங்கள். சிகிச்சைக் காலத்தில் சம்பளத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒரு வழி செய்ய, நம் சங்கத்து நிதியிலிருந்து ஓர் ஏற்பாடு செய்யலாமா என்று அடுத்த கூட்டத்தில் யோசிக்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன்.

உலகம் எந்த நோய்க்கு அஞ்சும், எதை மறக்கும் என்பது நம் கையில் இல்லை. நம் கடையில் இருமுகிறவனை நாம் கேட்கிறோமா இல்லையா என்பது நம் கையில் இருக்கிறது. நாளை மஹ்ஷரில் அந்தக் கேள்விதான் நம்மிடம் கேட்கப்படும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹுத் தஆலா பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.